எழுபது கஜம்

அலமாரியில் பதினோரு சட்டைகள் தொங்கின. எதன் கழுத்துக்கும் போதிய உயரம் இல்லை. மார்வா மாட்டிகளை ஒவ்வொன்றாக வலப்பக்கம் தள்ளினாள். கடைசிச் சட்டைக்கு வந்ததும் மறுபடி ஒவ்வொன்றாக இடப்பக்கம் தள்ளினாள்.

"கழுத்து நல்லா மூடுற மாதிரி ஏதாவது இருந்தா கொண்டு வாங்க," என்று காலையில் ஆம்ஸ்லர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அந்த ஊரில் யார் செத்தாலும் உடலைக் கழுவி உடுத்திப் பெட்டியில் கிடத்துகிறவர் அவர்தான். ஏன் என்று அவர் சொல்லவில்லை. மார்வாவும் கேட்கவில்லை.

அவள் புருஷன் வெர்லினுக்குக் கழுத்துப் பொத்தான் ஆகாது. பள்ளிப் பேருந்துகளுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன். மகள் கல்யாணத்தன்றுகூட, மாப்பிள்ளை மோதிரம் போட்டு முடித்த அடுத்த நிமிடம் டையை இழுத்துத் தளர்த்திவிட்டான்.

"இது?" என்றாள் கார்லி. கட்டில்மேல் உட்கார்ந்திருந்த மகளின் கையில் தாடைவரை மூடுகிற பழுப்புக் கம்பளிச் சட்டை இருந்தது.

"அது வேட்டைக்குப் போடுறது."

"கழுத்தை மூடுதே."

"வேண்டாம் கார்லி. அந்த வெள்ளைச் சட்டையை எடு. டை இறுக்கிக் கட்டினா மூடிடும்."

கார்லி சட்டையை எடுத்தாள், ஆனால் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதன் கைப்பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சித்தப்பா இன்னைக்கு வருவாரா?"

"தெரியல."

"வரக் கூடாது. வந்தா நான் சும்மா இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்." அவள் குரல் உயர்ந்தது. "நாப்பது கஜமாம்! நாப்பது கஜத்துல கூடப்பொறந்த அண்ணனை அடையாளம் தெரியாதா? நீ சொல்லும்மா. நீதானே தோட்டா கவுண்டர்ல நிக்கிறவ. நாப்பது கஜத்துல ஒரு மனுஷன் மூஞ்சி தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம்?"

மார்வா சட்டைக்காகக் கையை நீட்டினாள்.

திங்கட்கிழமை, வசந்தகால வான்கோழி வேட்டையின் முதல் நாள். விடிவதற்கு முன்பே அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் கிளம்பினார்கள். தகப்பன் விட்டுப்போன எண்பது ஏக்கர் காடு அது. நடுவில் ஓர் ஓடை. ஓடைக்கு மேற்கே வெர்லின், கிழக்கே ராய்ஸ். இருபது வருடங்களுக்கு மேலாக அதுதான் ஏற்பாடு. ஏழேகால் மணிக்கு, ஒரு கருவாலி மரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பெட்டை கத்துவதுபோல் குரல் கொடுத்துச் சேவலைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான் வெர்லின். ஓடையைத் தாண்டி வந்துவிட்ட ராய்ஸ் அந்தப் பக்கம் பார்த்துச் சுட்டான். அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு அரை மைல் ஓடி வந்து வண்டியில் கிடத்தினான். ஆஸ்பத்திரி வாசலை எட்டும்போது உயிர் இல்லை. நாற்பது கஜத்தில் சேவலின் சிவந்த தலையைப் பார்த்தேன், சுட்டேன் என்று வனவிலங்குத் துறை அதிகாரி பர்டெட்டிடம் சொல்லியிருந்தான். அன்று மத்தியானம் பெய்த மழை காட்டில் கிடந்த தடம் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டது.

ஆம்ஸ்லர் தன் இறுதிச்சடங்குக் கூடத்தின் பின்வாசலில் காத்திருந்து சட்டையை வாங்கிக்கொண்டார். நன்றி சொல்லிவிட்டு உள்ளே திரும்பியவரை மார்வா நிறுத்தினாள்.

"எத்தனை ரவை பட்டிருக்கு?"

"மார்வா, அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"பத்தொன்பது வருஷமா தோட்டா விக்கிறேன். எனக்குச் சொல்லலாம்."

அவர் சட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "முப்பத்தொண்ணுன்னு டாக்டர் எழுதியிருக்கார்."

"எங்கெங்கே?"

"எல்லா இடத்துலயும்தான். முழங்கால்ல ரெண்டு. நெஞ்சு, கை, தோள். தொப்பியில ஒண்ணு. கழுத்துல நாலு. அந்த நாலுல ஒண்ணுதான்…"

"ஒரே இடத்துல கூட்டமா இல்லையா? ஒரு தட்டு அளவுக்கு?"

"இல்லம்மா. தூவிவிட்ட மாதிரி இருக்கு."

மார்வா தலையசைத்தாள். வண்டிக்குத் திரும்பி, சாவியைப் போட்டாள். ஆனால் கிளப்பவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்த செங்கல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மார்ச் மாதம் அவளும் வெர்லினும் ராய்ஸும் சேர்ந்துதான் சோதனை பார்த்தார்கள். ராய்ஸின் துப்பாக்கிக்குப் புதுத் தோட்டா. ஈயத்துக்குப் பதில் டங்ஸ்டன் ரவை. ஈயத்தைவிட ஏகத்துக்குக் கனம் என்பதால் ரவை கசகசா போலச் சின்னதாக இருந்தாலும் அடி பலமாக இருக்கும். சின்னது என்பதால் ஒரு தோட்டாவுக்குள் எழுநூறு கொள்ளும். வெர்லினின் மேய்ச்சல் நிலத்தில் அட்டைப் பெட்டிகளைக் கிழித்து நிறுத்தி, நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம் போட்டு, முப்பது, நாற்பது, ஐம்பது, அறுபது என்று கஜக்கணக்கில் எட்டுவைத்து அளந்து சுட்டார்கள். நாற்பதில் வட்டத்துக்குள் மட்டும் இருநூற்றுச் சொச்சம் ஓட்டை. ஒரு பென்சில் வைக்க இடமில்லை. ஐம்பதில் விரல் நுழைந்தது. அறுபதில் உள்ளங்கை வைக்கிற அளவுக்கு அங்கங்கே வெறும் அட்டை. எழுபதுக்கு அட்டை வைக்கவே இல்லை.

"நாப்பது," என்றான் வெர்லின், அட்டைகளைச் சுருட்டிக்கொண்டே. "அதுக்கு மேல எவனும் சுடக் கூடாது. தோட்டா போகும், போகாம என்ன? நம்ம கண்ணு போகாது." அவன் அந்தப் புதுத் தோட்டாவைத் தொடவும் இல்லை. பழைய ஆறாம் நம்பர் ஈயத் தோட்டாவே அவனுக்குப் போதும்.

முழங்காலில் இரண்டு. தொப்பியில் ஒன்று. நாற்பது கஜத்தில் அந்தத் துப்பாக்கியின் ரவை அப்படிச் சிதறி விழாது. நாற்பதில் பட்டிருந்தால் பெட்டியைத் திறந்து வைத்து ஊருக்குக் காட்ட முகமே மிஞ்சியிருக்காது. எழுபது என்று மார்வா கணக்குப் போட்டாள். எழுபதுக்குக் குறையாது.

நான்கு மணிக்கு, வெர்லினைப் பார்க்க, ஆம்ஸ்லரின் கூடத்துக்கு ஊர் வரத் தொடங்கியது. வரிசையில் நின்று வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். பேருந்து ஓட்டுநர்கள், வெர்லின் வேலை பார்த்த பள்ளியின் சமையல்காரப் பெண்கள், கடையில் தோட்டாவும் தூண்டிலும் வாங்குகிறவர்கள். சுட்ட பன்றித் தொடையும் உருளைக்கிழங்குத் தட்டுகளும் அடுத்த அறை மேசையை நிறைத்தன. யாரும் ராய்ஸின் பேரை எடுக்கவில்லை. அவன் பேர் வந்துவிடுமோ என்கிற இடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தி, மழையைப் பற்றிச் சொன்னார்கள்.

நாலரை மணிவாக்கில் வரிசை தானாகவே மெதுவானது. உள்ளே வந்தவர்கள் வாசல் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிக் கதவு வழியே மார்வாவுக்கும் தெரிந்தது. சாலைக்கு எதிர்ப்புறம், வங்கியின் மரத்தடியில், ராய்ஸின் சாம்பல் நிறப் பிக்கப் வண்டி நின்றிருந்தது. என்ஜின் ஓடவில்லை. உள்ளே ஒருத்தன் உட்கார்ந்திருப்பது மட்டும் தெரிந்தது.

கார்லியும் பார்த்துவிட்டாள். அவள் கையிலிருந்த காகிதக் குவளை நசுங்கியது. "நான் போறேன்."

"நீ நில்லு."

"அம்மா, எவ்வளவு தைரியம் இருந்தா…"

"நீ இங்க நில்லு. அப்பா பக்கத்துல யாராவது நிக்கணும். நான் போறேன்."

சாலையைக் கடக்கும்போது முதுகில் எத்தனை கண்கள் என்று மார்வாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் ஓட்டுநர் பக்கம் போகவில்லை. சுற்றிப்போய் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள்.

ராய்ஸ் புதுச் சட்டை போட்டிருந்தான். அட்டையிலிருந்து பிரித்த மடிப்புகள் அப்படியே இருந்தன. மூன்று நாளாக முகம் மழிக்கவில்லை. அவனும் மார்வாவும் பள்ளியில் ஒரே வகுப்பு. அவள் அவன் அண்ணனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே ஒருவரை ஒருவர் கேலி பேசிப் பழகியவர்கள்.

"உள்ள வர்றியா இல்லையா?"

"கார்லி இருக்கா."

"அவ அப்பன் சாவுக்கு அவ இல்லாம?"

அவன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தான், வண்டி ஓடிக்கொண்டிருப்பதுபோல.

"எத்தனை கஜம், ராய்ஸ்?"

"சொன்னேனே. நாப்பது."

"பர்டெட்கிட்ட சொன்னதைக் கேக்கல."

அவன் ஸ்டியரிங்கில் படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் தேய்த்தான்.

"முப்பத்தொண்ணு பட்டிருக்கு. முழங்கால்ல இருந்து தொப்பி வரைக்கும், தூவிவிட்ட மாதிரி. உன் துப்பாக்கி ரவை நாப்பதுல எப்படி விழும்னு நீயும் பாத்தே, நானும் பாத்தேன். ஓட்டையை எண்ணினதே நான்தான். என்கிட்ட நாப்பதுன்னு சொல்லாதே."

எதிர்ப்புறம் ஒரு கிழவர் படியேற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆம்ஸ்லர் வந்து அவரை ஏற்றிவிட்டார். அவர்கள் உள்ளே போகும்வரை ராய்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுவது," என்றான். "எழுவத்தஞ்சு இருக்கலாம்."

"என்ன பாத்தே?"

"சிவப்பு," என்றான். "என் பக்கம் ஒண்ணுகூடக் கத்தல மார்வா. ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். அவன் பக்கம் பெட்டை கத்துற சத்தம், தூரத்துல ஒரு சேவல் பதில் சொல்லுது. ஓடையைத் தாண்டிட்டேன். அவன் அந்தக் கருவாலி மரத்துக்கு வர மாட்டான், மேட்டுல இருப்பான்னு நினைச்சேன். புதருக்கு அந்தப் பக்கம் சிவப்பா ஒண்ணு மேல வந்துச்சு. கீழ போச்சு. மறுபடி வந்துச்சு. சேவல் தலையைத் தூக்கித் தூக்கிப் பாக்குமே, அப்படி."

"அது என்ன?"

"பிளாஸ்க் மூடி. அதுல காப்பி ஊத்திக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கான்."

மார்வா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த பிளாஸ்க் எத்தனை வருடமாக அடுப்படியில் கவிழ்ந்து கிடந்தது! சிவப்பு மூடி என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அது மூடி, அவ்வளவுதான்.

"நாப்பதுல இருந்திருந்தா மூடின்னு தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

"தெரிஞ்சிருக்கும்."

"கை தெரிஞ்சிருக்கும். அவன் மூஞ்சி தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சிருக்கும்னு சொல்றேன்ல!" அவன் கை ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தது. பிறகு அந்தக் கையை மறு கையால் பிடித்துக்கொண்டான்.

"அப்புறம் எதுக்கு நாப்பதுன்னு சொன்னே? தப்பிக்கிறதுக்கா? எல்லாரும் சுடுற தூரம்தான், எவனுக்கும் வர்ற பிசகுதான்னு ஆகிடும்னா?"

அப்போதுதான் அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். கண் சிவந்து, இமையோரம் வீங்கியிருந்தது. "எழுவதுன்னு சொன்னா பர்டெட் அடுத்து என்ன கேப்பான்? எழுவதுல எதுக்குடா சுட்டேன்னு கேப்பான்."

"கேக்கட்டுமே."

"நான் என்ன சொல்ல?"

"நடந்ததைச் சொல்லு."

"நீ சொன்னேன்னு சொல்லவா?"

அவன் என்ன சொல்கிறான் என்று ஒரு கணம் அவளுக்குப் புரியவில்லை. அடுத்த கணம் புரிந்துவிட்டது.

சோதனை பார்த்ததற்கு அடுத்த சனிக்கிழமை. கடையில் கூட்டம். கவுண்டருக்கு முன்னால் மூன்று பேர், எந்தத் தோட்டா வாங்குவது என்று முடிவு பண்ண முடியாமல் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார்கள். விலையைப் பார்த்து ஒருவர் சீழ்க்கையடித்தார். அப்போது ராய்ஸ் இன்னொரு பெட்டி வாங்க வந்தான். "அறுபதுக்குத் தாங்குமா மார்வா? உன் புருஷன் நாப்பதுக்கு மேல வாயைத் திறக்க விட மாட்டேங்கிறான்," என்றான். அவள் சிரித்துக்கொண்டே பெட்டியை அவன் பக்கம் தள்ளினாள். "அறுபதா? எழுபதுலகூடச் சேவல் படுத்துடும். குறி உன்னுதா இருக்கிறதுதான் ஒரே குறை." நாலு பேரும் சிரித்தார்கள். அந்த மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். பக்கத்து ஊர்களிலிருந்துகூட ஆண்கள் அவளிடம் கேட்டுத்தான் தோட்டா வாங்குவார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. அன்று வீட்டுக்குப் போனபோது அந்தப் பேச்சே ஞாபகத்தில் இல்லை.

"அதை ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்றாள்.

"தெரியும்."

"விக்கிறதுக்குச் சொன்னேன். அந்த ஆளுங்க வாங்கணும்னு."

"தெரியும்னு சொல்றேன்ல. நான் உன்மேல குத்தம் சொல்லல. சுட்டது நான். ஓடையைத் தாண்டினது நான்." அவன் மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "அதனாலதான் நாப்பதுன்னேன். என்னோட போகட்டும். கார்லிக்கு நீ ஒருத்தியாவது வேணும்."

அது அவன் அவளுக்குச் செய்கிற உபகாரமா, இல்லை அவள் வாயைக் கட்டிவைக்கிற வேலையா என்று மார்வாவால் தீர்மானிக்க முடியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். அவன் முகத்தில் அதைத் தேடினாள். களைப்பைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கவா?" என்றான் ராய்ஸ். "பழைய ஈயத் தோட்டாவா இருந்திருந்தா? அவன் போடுறானே, ஆறாம் நம்பர். அது எழுவதுல என்ன பண்ணியிருக்கும்?"

அவளுக்குப் பதில் தெரியும். யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்லக்கூடிய பதில். கவுண்டரில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள்: ஈயம் அவ்வளவு தூரத்தில் வேகம் செத்துப்போகும்.

"மார்வா?"

"காயம் பண்ணியிருக்கும்," என்றாள். "போட்டிருந்த கோட்டுத் துணியைத் தாண்டியிருக்காது. கழுத்துல தோலோட நின்னிருக்கும். நாலு நாள் உன்னைக் கெட்ட வார்த்தையில திட்டியிருப்பான்."

ராய்ஸ் நெற்றியை ஸ்டியரிங்மேல் வைத்தான். அவன் தோள்கள் குலுங்கின, சத்தம் வரவில்லை. அவள் அவனைத் தொடவில்லை.

பச்சை நிற வண்டி ஒன்று சாலையில் திரும்பி, எதிர்ப்புறம் வந்து நின்றது. அதிலிருந்து பர்டெட் இறங்கித் தொப்பியைக் கழற்றினான். மார்வா கதவுப் பிடியில் கைவைத்தாள்.

"வேண்டாம், மார்வா," என்றான் ராய்ஸ், தலையைத் தூக்காமல்.

அவள் இறங்கினாள்.

பர்டெட்டுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வருடாவருடம் அவள் கடையில்தான் தோட்டா வாங்குவான். உணவு வைத்திருந்த அறைக்குள் அழைத்துப்போனதும், தொப்பியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான். கார்லி பின்னாலேயே வந்து, கதவை ஒட்டியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்கே வேணும்னு இல்ல மேடம். அடுத்த வாரம்கூட…"

"இன்னைக்கே கேளுங்க."

அவன் ஒரு படிவத்தை எடுத்தான். "டாக்டர் எழுதினதைப் பாத்தேன். தூரம்தான் எங்களுக்குச் சரியா வரல. அந்தத் துப்பாக்கியை நீங்க சோதனை பண்ணினதா ராய்ஸ் சொன்னார். நாப்பதுல ரவை எப்படி விழும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா…"

"நாப்பது இல்ல. எழுவது. எழுவதுக்கு மேலயே இருக்கலாம்."

"பாத்தியா!" என்று கார்லி எழுந்தாள். "பொய் சொல்லியிருக்கார். எனக்குத் தெரியும். எழுவதுல எவனாவது சுடுவானா? என்னன்னே தெரியாம, எவன்னே தெரியாம…"

"உக்காரு, கார்லி."

"எதுக்கு உக்காரணும்? எழுவது கஜத்துல சுடலாம்னு எந்த மடையன் சொன்னானாம் அவருக்கு?"

மார்வா கைகளை மேசைமேல் எடுத்து வைத்தாள். யாரோ கொண்டுவந்திருந்த முட்டைத் தட்டு ஓரத்தில் விரல் பட்டது, விலக்கிக்கொண்டாள். "நான் சொன்னேன்."

பர்டெட்டின் பேனா நின்றது.

"கடையில வந்து கேட்டான். அறுபதுக்குத் தாங்குமான்னான். எழுவதுலகூடச் சேவல் படுத்துடும்னு நான் சொன்னேன். அறுபது வரைக்கும்தான் சோதனையே பண்ணியிருந்தோம். எழுவதை நான் பாத்ததுகூட இல்ல."

பர்டெட் பேனாவைப் படிவத்தின்மேல் வைத்தான்.

"மேடம்," என்றான் பர்டெட் மெதுவாக, "கடையில எல்லாரும் அப்படித்தான் பேசுவாங்க. நானே கேட்டிருக்கேன். அதை இதுல சேக்கணும்னு அவசியம் இல்ல."

"எழுதுங்க."

"இது ராய்ஸுக்கு நல்லதா கெட்டதான்னுகூட எனக்குச் சொல்லத் தெரியல."

"நல்லதுக்கும் சொல்லல, கெட்டதுக்கும் சொல்லல. மார்ச் இருபத்தி மூணு, சனிக்கிழமை. மூணு பேர் கூட நின்னாங்க. பேர் வேணும்னா தர்றேன்."

அவன் எழுதினான். எழுதுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டான். அவள் பேரின் எழுத்துகளைத் தெரிந்தும் கேட்டுச் சரிபார்த்தான். மார்வா கையெழுத்துப் போட்டாள். அவள் நிமிர்ந்தபோது கார்லி நாற்காலியில் இல்லை. கழுவுதொட்டி முன்னால் முதுகைக் காட்டி நின்று, யாரும் குடிக்காத பீங்கான் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய் முழுவேகத்தில் கொட்டியது.

"கார்லி."

தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காமல் இருந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் தாயும் மகளும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று வந்தவர்களின் கையைப் பிடித்தார்கள். நான்கு மணியிலிருந்து கார்லி அவள் தோளை ஒட்டியே நின்றிருந்தாள். இப்போது இடையில் வெர்லின் படுத்திருந்தான். ஒருவர் மாற்றி ஒருவர் குனிந்து, "எதாவது வேணும்னா கூப்பிடு மார்வா" என்றார்கள். "கூப்பிடறேன்" என்றாள் ஒவ்வொருவருக்கும்.

ஏழு மணிக்குக் கடைசி ஆளும் போனார். ஆம்ஸ்லர் பூச்செண்டுகளை நகர்த்தத் தொடங்கினார். மார்வா வெர்லினின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த நூலை எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

கார்லி வெளியே போயிருந்தாள். வேகமாகச் சாலையைக் கடந்தாள். சாம்பல் நிற வண்டியின் ஜன்னலை விரல் முட்டியால் தட்டினாள். கண்ணாடி இறங்கியது. அவள் என்ன சொன்னாள் என்று இங்கே கேட்கவில்லை. நாலைந்து வார்த்தைக்கு மேல் இருக்காது. பிறகு திரும்பி நடந்தாள், பின்னால் வருகிறானா என்று பார்க்காமல்.

ராய்ஸ் வந்தான். வாசலில் கால்மிதியில் பூட்ஸைத் தேய்த்தான், மறுபடி தேய்த்தான். பெட்டிக்கு நாலடி தூரத்தில் நின்றுவிட்டான். அதற்கு மேல் வரவில்லை. கார்லி கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். ஆம்ஸ்லர் ஒரு பூச்செண்டைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ராய்ஸ் வந்த வழியே போய்விட்டான். அவன் வண்டி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகு, "வீட்டுக்குப் போலாமா?" என்றாள் கார்லி. யாரிடம் கேட்டாள் என்று சொல்ல முடியாத மாதிரி கேட்டாள். வீட்டில் கார்லி இரண்டு தட்டு எடுத்துவைத்து, இரண்டிலும் பரிமாறினாள்.

வியாழக்கிழமை காலை வானம் வெளுத்திருந்தது. மலைச்சரிவில், சின்னத் தேவாலயத்துக்குப் பின்னால் கல்லறைத் தோட்டம். டாக்வுட் மரங்கள் வெள்ளையாகப் பூத்திருந்தன. வெர்லினுடன் வேலை பார்த்த ஆறு பேர் பெட்டியை இறக்கித் தோளில் ஏற்றினார்கள். தம்பி தூக்க வேண்டிய இடத்தில் ஒரு பேருந்து ஓட்டுநர் நின்றார். ராய்ஸ் கூட்டத்தோடு சேரவில்லை. கீழே, முள்கம்பி வேலியோரம் தனியாக நின்றான். யாரும் அவனைக் கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

கார்லி மார்வாவின் பக்கத்தில் நின்றாள். இருவருக்கும் நடுவில் இன்னொரு ஆள் நிற்கலாம்.

ஆம்ஸ்லரின் ஆள் சவ வண்டியின் பின்கதவைச் சாத்தப்போனான். கனமான கதவு, காற்று இழுக்க, கையை மீறி ஓங்கி அடித்துச் சாத்திக்கொண்டது. அந்தச் சத்தம் ஓயும் முன்னால் மேற்குச் சரிவிலிருந்து ஒரு வான்கோழிச் சேவல் கத்தியது. ஏப்ரலில் அவை அப்படித்தான். இடி இடித்தாலும் பதில் சொல்லும், கதவு அடித்தாலும் பதில் சொல்லும்.

ஆண்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். போதகரும்தான். பெட்டியைச் சுமந்தவர்களின் தலைகளும் சேர்ந்து திரும்பின. மார்வாவும் திரும்பினாள். அவள் சொல்லாமலே அவள் கண் வேலியைத் தாண்டி, மேய்ச்சல் நிலத்தைத் தாண்டி, மரவரிசைவரை போய் அளந்தது. இருநூறு கஜம். இருநூற்று இருபது இருக்கும். பிறகு ஒவ்வொருவராக, பிடிபட்டவர்கள்போல், முகத்தைத் திருப்பிக் குழியைப் பார்த்தார்கள்.

ராய்ஸ் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. வேலிக்கம்பத்தில் ஒரு கையை வைத்து, காலடிப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றான். சேவல் மறுபடி கத்தியது. இந்த முறை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.